அளாப்பாமல் விளையாடுவோம்



இந்தப் பக்கத்தில் வாடகை வீடு, வேலை, பாடசாலை அனுமதி என்று பெரியவர்களின் கவலைகளையே அதிகம் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை பிள்ளைகளின் கணனி விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். "விளையாட்டுத்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு விளையாட்டினால் இரண்டு குடும்பங்கள் ஒன்பது நாட்கள் கதைக்காமல் இருந்த கதை இது. இரண்டும் என்னுடைய குடும்பங்கள்!

எனது தங்கை குடும்பத்தினர் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் நீண்ட காலம் இருந்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் சிட்னிக்கு வந்து வென்ற்வேர்த்வில்லில் குடியேறியவர்கள். மகனுக்கு இப்போது 15 வயது. எங்கள் மூத்த அக்கா 1990களிலேயே கனடாவுக்குப் போய்விட்டா. ரொறன்ரோவில் இருக்கிறா. அம்மாவும் அவவோடுதான். அக்காவின் கடைசி மகனுக்கு 17 வயது. இந்த இரண்டு பொடியன்களும் இன்றுவரை ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டி, ஒரு "ஹாய்" சொல்லி, அதற்குமேல் என்ன கதைப்பதென்று தெரியாமல் ரெலிபோனைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடியவர்கள். இவர்களைச் சிநேகிதர் ஆக்கியது ஒரு மல்யுத்த விளையாட்டு. டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த வீரர்களை வைத்துச் செய்யப்பட்ட விளையாட்டு அது. இன்ரநெற் மூலம் உலகின் எந்த மூலையில் இருப்பவருடனும் மோதலாம்.

ஞாயிறு காலை 11 மணிக்கு எங்கள் மருமகன் கொன்றோலரைக் கையில் எடுப்பான். அப்போது ரொறன்ரோவில் சனி இரவு 9 மணி. இரண்டு மணித்தியாலம் மோதுவார்கள். இடையிடையே பாடசாலைக் கதை, அம்மம்மாவின் பகிடி, சாப்பாட்டுக் கதை எல்லாம் நடக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த கதைதான். ஆனாலும் கதை.

ஒரு ஞாயிறு நான் அங்கே போயிருந்தேன். மருமகன் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றுவிட்டான். நாலாவது ஆட்டத்திலும் அவனுடைய வீரன் மேடையில் மல்லாந்து கிடக்கிறான். மற்றவன் மேலே விழுந்து அமுக்குகிறான். நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். "மூன்று" வருவதற்கு முன் திரை வெறுமையாகிவிட்டது. "இன்ரநெற் போச்சு" என்றான் மருமகன். ஆனால் என்னுடைய ரெலிபோனில் இன்ரநெற் வேலை செய்துகொண்டுதான் இருந்தது!

பத்து நிமிடத்தில் ரொறன்ரோவில் இருந்து ஒரேயொரு சொல் செய்தியாக வந்தது. "அளாப்பி."

மருமகன் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, அளாப்பி எண்டால் என்ன?" என்று கேட்டான். முகாமில் வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல்லை அவன் கேள்விப்பட்டதில்லை. கனடாவில் பிறந்தவனுக்கோ அம்மம்மாவோடு கடுதாசி விளையாடி அந்தச் சொல் வாய்க்கு வந்திருக்கிறது. நான் கருத்தைச் சொன்னேன். பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. "இனி அவரோட விளையாட மாட்டன்" என்று அறைக்குள் போனவன்தான். அடுத்த ஞாயிறும் கொன்றோலரைத் தொடவில்லை. அக்கா தங்கைக்கு ரெலிபோன் எடுத்து, "உன்ர மகன் இப்பிடியோ?" என்று கேட்க, தங்கை "பெரியவன் அல்லோ விட்டுக்குடுக்க வேணும்?" என்று சொல்ல, அவர்களும் கதையை நிறுத்திவிட்டார்கள். இடையில் அம்மா மட்டும் எனக்கு ரெலிபோன் எடுத்து, "பொடியள் கதைச்சவங்களோ?" என்று கேட்டபடி.

ஊரில் அளாப்பிக்கு என்ன நடந்தது?

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. கிளித்தட்டில் கிளி தொட்ட பிறகும் "என்னில படேல்லை" என்று நிற்பவன் அளாப்பி. போளை அடிக்கும்போது சாண் வைத்து அளக்கிற சாட்டில் போளையைத் தள்ளிவைப்பவன் அளாப்பி. கிட்டியும் புள்ளும் விளையாடி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் "அம்மா கூப்பிடுறா" என்று புள்ளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுபவனும் அளாப்பிதான்.

இந்தக் குற்றத்துக்கு நீதிபதி தேவைப்படவில்லை. அடுத்த நாள் பின்னேரம் ஆட்கள் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் அவனை எடுக்காது. வேலிக்கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். நாலு நாள் அப்படி நின்றால் ஐந்தாம் நாள் தானாகத் திருந்தி வருவான். வளவு சிறியது, ஆட்கள் தெரிந்தவர்கள். அதனால் ஒழுங்கு தானாக நின்றது.

இன்ரநெற் வளவோ மிகப் பெரியது. இன்று ஒருவனிடம் அளாப்பினால் நாளை வேறொருவன். பெயரும் புனைபெயர், முகமும் தெரியாது. தோற்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துக்கொண்டு போவதற்குப் பிள்ளைகள் "ரேஜ் குவிற்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபத்தில் ஓடுவது என்று பொருள். புள்ளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே பழைய ஆள்தான், புது உடுப்பில் வந்திருக்கிறார்.

பொய்ச் சண்டையில் உள்ள மெய்

"அது பொய்ச் சண்டை. அதில என்ன நேர்மை?" என்று மச்சான், அதாவது மருமகனின் தகப்பன், கேட்டார். நல்ல கேள்வி.

எங்கள் மூத்தவர்களுக்கு கிங்கொங், தாராசிங் என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கும். கிங்கொங் என்பவர் ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்ற இராட்சத உருவம். தாராசிங் பஞ்சாபி. 1968 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்றவர். பின்னாளில் ரீவி இராமாயணத்தில் அனுமாராக வந்தவர். அடுத்த தலைமுறைக்கு அண்டர்டேக்கர், ரொக், ஜோன் சீனா. டபிள்யூ.டபிள்யூ.எவ். என்று இருந்த நிறுவனம், அதே எழுத்துக்களைக் கொண்ட வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்போடு வழக்காடித் தோற்று, 2002 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று பெயரை மாற்றியது. 2018 ஒக்ரோபர் 6 ஆந் திகதி மெல்பேண் எம்.சி.ஜி. மைதானத்தில் இவர்கள் நடத்திய காட்சிக்கு எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள். அன்று கடைசிப் போட்டியில் ட்ரிபிள் எச் அண்டர்டேக்கரை வென்றார். முடிந்ததும் எல்லோரும் கட்டித் தழுவினார்கள். சனம் கை தட்டி ஓயமுன் அண்டர்டேக்கரும் அவருடைய கூட்டாளி கேனும் திரும்பி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்! இப்படிப்பட்டதைப் பார்த்து வளரும் பிள்ளை எங்கே பெருந்தன்மையைப் படிக்கும் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆனால் திரைக்குப் பின்னால் வேறொரு ஒழுங்கு இருக்கிறது. யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. விழும் உடம்பும் படும் நோவும் உண்மையானவை. ஒருவன் தன்னைத் தலைகீழாகத் தூக்கவிடுகிறான் என்றால் தன் கழுத்தை மற்றவனிடம் நம்பிக் கொடுக்கிறான் என்று அர்த்தம். 1997 ஆகஸ்ட் 3 ஆந் திகதி நியூ ஜேர்சியில் நடந்த "சமர்ஸ்லாம்" நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் என்பவர் ஸ்ரீவ் ஒஸ்ரினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கியபோது பிடி பிழைத்து, ஒஸ்ரினின் தலை தரையில் மோதிக் கழுத்து அடிபட்டது. கொஞ்ச நேரம் அவரால் கை கால் அசைக்க முடியவில்லை. வெல்ல வேண்டியவர் ஒஸ்ரின். ஹார்ட் என்ன செய்தார்? சனத்தைப் பார்த்து நக்கல் அடிப்பதுபோல் நடித்து நேரத்தைக் கடத்தினார். ஒஸ்ரின் ஊர்ந்து வந்து தன்னைப் பலமில்லாமல் பிடித்து உருட்டியபோது, உருண்டுபோய், மூன்று எண்ணும்வரை அப்படியே கிடந்தார். காயம் ஹார்ட்டின் கையால் வந்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த பிறகு அவர் மேடையை விட்டுப் போகவில்லை, ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தார்.

கணனி விளையாட்டில் முடிவு முன்கூட்டியே எழுதப்படவில்லை. அங்கே வெற்றி தோல்வி உண்மை. ஆனால் மூன்று எண்ணும்வரை கிடப்பது என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது. மற்றவன் கஷ்டப்பட்டு எடுத்த வெற்றியை அவன் கையில் கொடுத்துவிட்டு எழும்புவது அது. இதில் ஊறிய பிள்ளைகள் சிலர் ஆட்டத்துக்குள்ளேயே அழகான வழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தவன் எழும்ப இடம் கொடுப்பார்கள். முடிந்ததும் "ஜீ ஜீ" என்று எழுதுவார்கள். நல்ல ஆட்டம் என்பதன் சுருக்கம் அது.

எல்லாம் அளாப்பு அல்ல

இங்கே மருமகனின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முதல் மூன்று ஆட்டமும் தோற்றதற்கு அவன் சொன்ன காரணம்: "மாமா, நான் சரியான நேரத்துக்குத்தான் அமத்தினனான். அது கேக்கேல்லை."

இந்த விளையாட்டில் எதிரி அடிக்க வரும்போது குறிப்பிட்ட கணத்தில் ஒரு பொத்தானை அமத்தினால் அந்த அடியைத் திருப்பிவிடலாம். அந்தக் கணம் கண் இமைக்கும் நேரம். திரையில் ஒரு செக்கனுக்கு 60 படங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் இருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறக்குறைய 15,500 கிலோமீற்றர். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு அளவு தேவை. அதற்குள் 9 படங்கள் ஓடி முடிந்துவிடும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் பல இயந்திரங்களைத் தாண்டுகிறது. ஆகவே உண்மையான தாமதம் இன்னும் கூட. இதைத்தான் பிள்ளைகள் "லாக்" என்கிறார்கள். மெல்பேணில் இருக்கும் பொடியனோடு மோதினால் தெரியாத இந்தத் தாமதம் கனடாவோடும் லண்டனோடும் மோதும்போது பெரிதாகத் தெரியும். இருவரும் நேர்மையாக விளையாடினாலும் ஒருவருக்கு மற்றவர் அளாப்புவதுபோல் இருக்கும்!

இதை விளக்க எனக்கு முரளிதரன் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய அரசியற் பேச்சுக்கள் பற்றி எங்களுக்குள் பல அபிப்பிராயங்கள் உண்டு. அது வேறு கதை. 1995 டிசம்பர் 26 ஆந் திகதி, இதே எம்.சி.ஜி. மைதானத்தில், நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்து எறி பந்து என்று ஏழு தரம் "நோ போல்" சொன்னார். பிறகு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை எறிவதுபோன்ற ஒரு தோற்ற மயக்கத்தைத் தருகிறது என்று சொன்னார்கள். 2005 இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நீளலாம் என்று சர்வதேச விதியே வந்தது. கண் கண்டதை வைத்து ஒருவனை அளாப்பி என்று சொல்ல முன் ஒரு தரம் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆகவே மூன்று ஆட்டம் தோற்றதற்கு லாக் காரணமாக இருந்திருக்கலாம். நாலாவது ஆட்டத்தில் வயரைப் பிடுங்கியது யார்? அது லாக் அல்லவே!

விதி விட்டாலும்

இன்னொரு வகை உண்டு. விதிக்குள் நின்றுகொண்டே செய்யும் அற்பத்தனம். ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிப்பது, எதிரியை எழும்பவே விடாமல் மூலைக்குள் வைத்து மிதிப்பது. விளையாட்டு அதை அனுமதிக்கிறது. "சட்டத்தில இருக்குத்தானே?" என்று பிள்ளை கேட்கும்.

அவுஸ்திரேலியருக்கு இதற்கு ஒரு பதில் தெரியும். 1981 பெப்ரவரி 1 ஆந் திகதி, அதுவும் எம்.சி.ஜி.யில்தான். நியூசிலாந்து சமன் செய்யக் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் தேவை. அணித்தலைவர் கிறெக் சப்பல் தன் தம்பி ரெவரிடம் பந்தைக் கைக்குக் கீழால் நிலத்தில் உருட்டச் சொன்னார். அன்றைய விதிப்படி அது பிழை இல்லை. அவுஸ்திரேலியா வென்றது. ஆனால் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் அதைக் கண்டித்தார்கள். இன்றும் அந்த வெற்றியைச் சொல்லிப் பெருமைப்படும் அவுஸ்திரேலியரை நான் கண்டதில்லை. பிறகு விதியே மாற்றப்பட்டது.

அதே மெல்பேணில் 1956 மார்ச்சில் ஒலிம்பிக் பார்க்கில் ஒரு மைல் ஓட்டம். இளையவரான றொன் கிளார்க் கால் இடறி விழுந்தார். பின்னால் வந்த ஜோன் லாண்டி, அப்போது ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனை வைத்திருந்தவர், நின்று திரும்பிப்போய், "உனக்கு ஒன்றுமில்லையே?" என்ற பாவனையில் பார்த்துவிட்டு மீண்டும் ஓடினார். நின்றதில் பல யார் தூரம் பின்தங்கியும் அந்த ஓட்டத்தை அவரே வென்றார். அந்தக் காட்சிக்கு மெல்பேணில் சிலை வைத்திருக்கிறார்கள். பின்னாளில் லாண்டி விக்ரோறியா மாநில ஆளுநராகவும் இருந்தார். இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளைப் பாடசாலையில் அளக்கிற அளவுகோல்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும், தோற்று முடிந்ததும் கை கொடுக்கிற பிள்ளையை இங்கத்தைய பொடியன்கள் அடுத்த ஆட்டத்துக்கும் கூப்பிடுவார்கள்.

ஹெட்செற்றுக்குள் நடப்பது

பெற்றோர்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை ஹெட்செற் போட்டிருக்கும்போது, எதிரியாக விளையாடும் முன்பின் தெரியாதவன் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை. தோற்ற ஆத்திரத்தில் சிலர் பேசும் பேச்சு மிகக் கேவலமானது. நிறம், நாடு, தாய் எல்லாவற்றையும் இழுப்பார்கள். எங்கள் பிள்ளையும் அதைக் கேட்டுப் பழகித் திருப்பிப் பேசும். தமிழில் ஏசினால் யாருக்கு விளங்கும் என்றும் நினைக்கும். மெல்பேணில் தெரிந்த ஒருவரின் வீட்டில் அப்படித்தான் ஏசியிருக்கிறான். எதிர்ப்பக்கத்தில் இருந்தவனும் தமிழ்ப் பொடியன்!

2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று இங்கே சட்டம் வந்ததால் எல்லாம் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். விளையாட்டையே முதல் நோக்கமாகக் கொண்ட சேவைகள் அந்தத் தடைக்குள் அடங்கவில்லை. ஆகவே பொறுப்பு எங்களுடையது. கேவலமாகப் பேசுபவனின் குரலை நிறுத்தவும் அவனைப் பற்றி முறையிடவும் விளையாட்டு இயந்திரத்திலேயே வசதி உண்டு. பிள்ளையிடமே கேட்டுப் பழகுங்கள். பிள்ளையைக் குறிவைத்துப் பயமுறுத்தியோ அவமானப்படுத்தியோ எழுதினால் அதைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கு முறையிட வேண்டும். 48 மணித்தியாலத்துக்குள் அது அகற்றப்படாவிட்டால், ஈ-சேவ்ற்றி ஆணையாளருக்கு முறையிடலாம். ஆங்கிலத்தில் பேசப் பயம் என்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

காசு விஷயமும் ஒன்று. இந்த மல்யுத்த விளையாட்டில் வீரர்களின் அட்டைகள் கொண்ட பொதிகள் உண்டு. உள்ளே யார் இருப்பார் என்று உடைத்த பின்தான் தெரியும். லொத்தர் மாதிரி. உண்மைக் காசு கொடுத்து இப்படி அதிர்ஷ்டம் பார்க்கும் விளையாட்டுக்களுக்கு 2024 செப்ரெம்பர் 22 இற்குப் பின் தரம் வழங்கும்போது குறைந்தது "எம்" தரமாவது கொடுக்க வேண்டும் என்பது அவுஸ்திரேலிய விதி. "எம்" என்றால் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருத்தமில்லை என்ற எச்சரிக்கை. வாங்குவதற்குத் தடை இல்லை. கடன் அட்டை இலக்கத்தை இயந்திரத்தில் சேமித்து வைக்காதீர்கள்.

தித்தன் காணட்டும்

மச்சான் இரவு வேலை. பகலில் நித்திரை. "இந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சால் எல்லாம் சரி" என்றார். நான் அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

உறையூரை ஆண்ட சோழன் தித்தன். அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தகப்பனுக்கும் மகனுக்கும் சரியில்லை என்பார்கள். மகன் ஆமூரில் பலம் மிக்க ஒரு மல்லனோடு மற்போர் செய்து அவனை வீழ்த்தினான். சாத்தந்தையார் என்ற புலவர் அந்தக் காட்சியைப் பாடியது புறநானூற்றில் 80 ஆவது பாட்டாக இருக்கிறது. அந்த இடத்தில் புலவருக்கு வந்த ஆசை என்ன தெரியுமா? பரிசு அல்ல, பட்டம் அல்ல. தகப்பன் தித்தன் விரும்பினாலும் சரி, விரும்பாவிட்டாலும் சரி, இதை வந்து காண வேண்டும் என்பதுதான்.

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மகனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாராம். தங்கை சொன்னா. பொடியன் முன்பின் தெரியாத யாரோடோ விளையாடிக்கொண்டிருந்தான். முதல் அரை மணித்தியாலம் இருவரும் கதைக்கவில்லை. பிறகு மச்சான், "இவன் ஏன் எழும்பாமல் கிடக்கிறான்?" என்று கேட்டார். மகன் விளக்கினான். "அவன் என்ன செய்யிறான்?" விளக்கினான். கனகாலத்துக்குப் பிறகு தகப்பனுக்கு மகன் படிப்பித்தான். அந்த ஆட்டமும் தோற்கும் நிலைக்கு வந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார்.

"உன்ர கை எங்க போகுது?" என்று மச்சான் கேட்டார்.

கை மேசைக்குப் பின்னால், வயருக்குப் பக்கத்தில் நின்றது. பொடியன் கையை எடுத்தான். நடுவர் மூன்றும் எண்ணினார். தோற்றான். வீடு இடிந்து விழவில்லை. தகப்பன் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றி இரண்டு கோப்பையில் கொண்டுவந்தார்.

மறுநாள் ஞாயிறு 11 மணிக்கு மருமகன் தானாக ரொறன்ரோவுக்கு எடுத்தான். "அண்ணா, அண்டைக்கு இன்ரநெற் போகேல்லை. நான்தான் வயரைக் கழட்டினனான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தெரியும். நானும் முந்தி லண்டன் மச்சானுக்கு அப்பிடிச் செய்தனான்" என்று பதில் வந்ததாம்.

இப்போது எங்கள் குடும்பத்தில் இந்த விளையாட்டுக்கு ஐந்து விதிகள் இருக்கின்றன. இரண்டு பொடியன்களும் சேர்ந்து எழுதியவை. உங்கள் வீட்டுக்கும் உதவலாம் என்று தருகிறேன்.

1. தோற்றாலும் மூன்று எண்ணும்வரை இருப்பது. முடிந்ததும் ஒரு நல்ல சொல் சொல்வது.

2. ஒரே அடியைத் தொடர்ந்து மூன்று தரத்துக்கு மேல் அடிப்பதில்லை.

3. இணைப்பு உண்மையாகவே அறுந்தால் உடனே செய்தி அனுப்பி, அந்த ஆட்டத்தைத் திரும்ப விளையாடுவது. லாக் கூடிய நாளில் வெற்றி தோல்வியைக் கணக்கில் எடுப்பதில்லை.

4. விளையாட்டு விறாந்தையில் அல்லது ஹோலில். முன்பின் தெரியாதவரோடு விளையாடும்போது ஹெட்செற் இல்லை. சத்தம் வீட்டாருக்கும் கேட்க வேண்டும்.

5. அளாப்பி என்ற சொல்லை நிரூபிக்க முடிந்தால் மட்டும் பாவிப்பது.

ஐந்தாவதை எழுதியது ரொறன்ரோப் பொடியன். அம்மம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடுதாசி விளையாட்டில் தனக்கு அந்த விதி பொருந்தாது என்று சொல்லிவிட்டா!

உங்கள் வீடுகளிலும் இப்படியான அனுபவங்கள் இருந்தால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், "எல்" பிளேற் எடுத்த பிள்ளைகளை 120 மணித்தியாலம் கார் ஓடப் பழக்குவது எப்படி, அதுவும் தகப்பனும் பிள்ளையும் சண்டை பிடிக்காமல், என்பதைப் பற்றிக் கதைப்போம். அதுவரை வணக்கம்.